ரெய்டு போட்ட வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவை போட்டோ ஸ்டுடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். சிலர் எனக்கே அனுப்பி, "என்னங்க இது?" என்று கேட்டும்விட்டீர்கள். ரெய்டு போட்டால் டேட்டா போகாது என்று சொல்லி ரெண்டு டிஸ்க்கைத் தலையில் கட்டினார்கள், கடைசியில் கல்யாண ஆல்பமே போச்சு என்பதுதான் அதன் சாரம். (ரெய்டு என்றால் சோதனை இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டும் முறை.) கடைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் நம் கம்ப்யூட்டர் கடையைத்தான் சொல்கிறார் என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். ஆடியோ போட்டவர் நம் பழைய வாடிக்கையாளர், அவருக்கு வந்த கஷ்டமும் உண்மை. அதனால் ஆளை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் சிஸ்டத்தில் இருப்பவை இரண்டு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க்குகள். விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி மூலம் மிரர் செய்தது, ரெய்டில் அதுவும் ஒரு வகை. போய்ப் பார்த்த அன்று கன்ட்ரோல் பேனலில் திறந்து காட்டினேன், இரண்டு டிஸ்க்குக்கும் நேராக 'ஓகே' என்றே இருந்தது. காணாமல் போனது ஃபோல்டர். இடம் போதவில்லை என்று ஸ்டுடியோவில் யாரோ பழைய ஃபோல்டர்களை ஷிஃப்ட் அமுக்கி டெலீட் செய்திருக்கிறார்கள். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. அதற்கு மேலேயே அடுத்த முகூர்த்தத்தின் வீடியோவை ஏற்றியாகிவிட்டது. ரெக்கவரி மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட்டியும், வந்த படங்களில் பாதிக்குக் கீழ்ப்பகுதி சாம்பல் நிறப் பட்டையாகத்தான் வந்தது. அதைப் பார்த்து அவரைவிட எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, நம்பினால் நம்புங்கள்.

மிரர் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அதே நேரத்தில் இன்னொன்றிலும் எழுதும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது கைகொடுக்கும், வேலை நிற்காது. ஆனால் அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். கண்ணாடி முன்னால் நின்று பொட்டை அழித்தால் உள்ளே இருப்பவர் நெற்றியில் மட்டும் பொட்டு மிஞ்சுமா? 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிக் கட்டுரை எழுதியபோதும் மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து வேகம் பெறுவது, அதில் ஒன்று பழுதானால் தாங்குவது, இதைத்தான் சொன்னார்கள். டெலீட் ஆனதைத் திருப்பித் தரும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. பில்லின் பின்பக்கம் 'பேக்கப் தனியாக எடுக்கவும்' என்று கையாலேயே எழுதித் தருகிறேன். வீட்டில் பழைய பில் இருந்தால் திருப்பிப் பாருங்கள்.

'தலையில் கட்டினார்கள்' என்ற வார்த்தைதான் சுடுகிறது. ரெண்டு டிஸ்க்குக்கு மட்டுமே காசு இருக்கிறது என்று வருபவர்களிடம், மிரரே வேண்டாம், ஒன்றை சிஸ்டத்தில் போடுங்கள், இன்னொன்றில் வாரம் ஒருமுறை காப்பி எடுத்து பீரோவில் வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். எடிட்டிங் தம்பிகள் வேகத்துக்காக, டேட்டாவை டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் ரெய்டு 0 கேட்டால், ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போகும் என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். மூன்று டிஸ்க்கில் ஒன்று போனாலும் தாங்கும் ரெய்டு 5 கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று 4 டி.பி. போட்டால் 8 டி.பி. கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் பேரிட்டி (ரெய்டு 5 மாதிரியான முறை) வைத்தால் எழுதும் வேகம் படுத்துவிடும், வீடியோ வேலைக்கு ஆகாது. விற்பதே நோக்கம் என்றால் அந்த மூன்றாவது டிஸ்க்கை நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

மதர்போர்டிலேயே ரெய்டு வசதி இருக்கும்போது ஏன் விண்டோஸில் போடுகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். ஒரு உதாரணம் போதும். போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்குமே, சி.ஆர். 2032. அது தீர்ந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ரெய்டு என்று வைத்திருந்தது, டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏ.எச்.சி.ஐ. ஆகிவிடும். மிரர் ஆக இருந்தவை இரண்டு தனி டிஸ்க்காகத் தெரியும். விவரம் தெரியாமல் அதில் ஒன்றில் மட்டும் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் அந்தத் தொல்லை இல்லை. போர்டே எரிந்தாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு விண்டோஸ் சிஸ்டத்தில் மாட்டினால் அடையாளம் கண்டுகொள்ளும். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்தது, ஹோம் எடிஷனிலும் உண்டு, தனிக் காசு கிடையாது. லினக்ஸ் வைத்திருக்கும் நம் டி.டி.பி. நண்பர்களுக்கு, அதில் மிரர் செய்யும் எம்டிஆட்மின் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அதில் நிலவரம் பார்த்தால் இரண்டு 'யு' எழுத்து தெரியும். ஒரு 'யு' இருந்த இடத்தில் அடிக்கோடு வந்திருந்தால் உடனே போன் செய்யுங்கள்.

விண்டோஸ்காரர்கள் மாதம் ஒருமுறையாவது ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு டிஸ்க் போன பிறகும் வேலை வழக்கம்போல ஓடும், அதுதான் ஆபத்து. மூலையில் வரும் எச்சரிக்கையை மூடிவிட்டு மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கில் ஓட்டியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். புது டிஸ்க் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் விடாமல் ஓடினாலும் 4 டி.பி. முழுக்க எழுத ஏழரை மணி நேரம் ஆகும். அந்த ஏழரையில் கரண்ட் போனால் தலைவலிதான், யு.பி.எஸ். பேட்டரியைச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியிலிருந்து ராமும் எஸ்.எஸ்.டி.யும் ஏறிக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியும். டேட்டா சென்டர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, மிச்சம் நமக்கு. காலையில் சொன்ன விலைக்கு மாலையில் டீலர் தருவதில்லை. அதனால் கொட்டேஷன் அன்றைக்கு மட்டும். செட்டிங் பார்த்துவந்த தம்பியும் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார், நன்றாக இருக்கட்டும். வரும் மாதத்திலிருந்து நேரில் வந்து பார்க்கும் இலவச சர்வீஸ் இருக்காது, சி.பி.யு.வைக் கடைக்குக் கொண்டுவந்தால் வழக்கம்போல் பார்த்துத் தருவோம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும், "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கண்ணா" என்று குழுவிலேயே பதில் போட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் இரைச்சலில் உட்கார்ந்து சிஸ்டம் அசெம்பிள் செய்தபோது காத்திருந்து வாங்கிப்போனவர்கள் நீங்கள். இன்று உங்கள் பிள்ளைகளும் இங்கேதான் வருகிறார்கள். மனமார்ந்த நன்றி.

ஆடியோ போட்ட அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் இரண்டு டிஸ்க்கும் நன்றாகவே இருக்கின்றன. பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று வாங்க வந்தால் அடக்க விலைக்கே தருகிறேன், காப்பி தானாக ஓடும்படி செட் செய்தும் தருகிறேன். ஞாயிறு கடை லீவு, மற்ற எந்த நாளும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்