அந்த அரை மதிப்பெண் எங்கே போனது?

ஏழாம் வகுப்பு ஸ்பானிஷ் மாணவர்களின் பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வுத்தாள் வீட்டுக்கு வந்த மறுநாளே நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். எல்லோருக்கும் ஒரே மனக்குறை. 'மெதுவாகப் பேசும்படி டீச்சரிடம் சொல்' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் 'ஆப்லா மாஸ் தெஸ்பாசியோ' என்று எழுதியிருக்கிறார்கள். சொல் சரி, எழுத்துப்பிழையும் இல்லை. அப்புறம் ஏன் அரை மதிப்பெண் குறைந்தது?

எனக்கும் புரியவில்லை. ஸ்பானிஷ் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

'ஆப்லா' என்றால் 'பேசு'. டீச்சரைப் பார்த்து 'மெதுவாகப் பேசு' என்று நம் பிள்ளை தமிழில் சொன்னால் விடுவோமா? அங்கே 'ஆப்லே', அதாவது 'பேசுங்கள்', வந்திருக்க வேண்டும். மரியாதை முழுவதும் அந்தக் கடைசி உயிரெழுத்தில்தான் இருக்கிறது.

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் அகராதியில் ஆர், ஏர், ஈர் என்று மூன்று விதமாக முடியும். ஆப்லார் பேசுவது, கோமேர் சாப்பிடுவது, எஸ்கிரிபீர் எழுதுவது. தம்பியிடமோ தோழியிடமோ சொல்லும்போது ஆப்லா, கோமே, எஸ்கிரீபே. 'அவன் பேசுகிறான்' என்பதற்கும் இதே வடிவம்தான் என்பதால் புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. பெரியவர்களிடம் சொல்லும்போது கடைசி உயிர் இடம் மாறும்: 'ஆ' இருந்தால் 'ஏ', 'ஏ' இருந்தால் 'ஆ'. ஆப்லே, கோமா, எஸ்கிரீபா. (நோட்டில் 'கோமே' என்பது ஆங்கிலத்தில் 'வா' என்பதற்கான எழுத்துகளோடு அப்படியே இருக்கும். ஆங்கிலம் கலந்து எழுதுவதாகத் திட்டிவிடாதீர்கள்.)

பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். நம் 'சாப்பிடுங்கள்' ஒரு தாத்தாவுக்கும் பொருந்தும், பந்தியில் இருக்கும் ஐம்பது பேருக்கும் பொருந்தும். ஸ்பானிஷில் பலர் என்றால் 'ன்' சேர்க்க வேண்டும்: ஆப்லென், கோமான், எஸ்கிரீபான். "எல்லோரும் கோமான்!" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ராஜா ஆகிவிட்டார்களாம். இனி அந்தச் சொல்லை யாரும் மறக்கப் போவதில்லை.

பாடநூல் ஸ்பெயின் நாட்டு வழக்கைப் பின்பற்றுவதால் நண்பர்கள் கூட்டத்துக்கு ஆப்லாத், கோமேத், எஸ்கிரிபீத் என்ற வடிவங்களும் வரும். கடைசி 'ர்' போய் 'த்' வரும், அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்காவில் இவை பேச்சில் இல்லை, நண்பர்களுக்கும் 'ஆப்லென்'தான். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. வா, போ, சொல் போன்றவை இந்த விதிக்கு அடங்காதவை. அவை அடுத்த பருவத்தில்.

இந்த வாரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளையைக் கட்டளை போடச் சொல்லுங்கள். தம்பிக்குக் 'கோமே', பாட்டிக்குக் 'கோமா'. பாட்டியிடம் 'கோமே' வந்தால் அங்கேயே திருத்துங்கள், அதற்கு உங்களுக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை.

கொடுத்த மதிப்பெண்ணை மாற்றப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்பானிஷ் பீரியடில் ஒரு வாய்மொழித் தேர்வு வைக்கிறோம். சரியாகச் சொல்பவர்களுக்கு அந்த அரை மதிப்பெண் அதில் கிடைக்கும். தேர்வுத்தாளில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்