இரட்சணிய யாத்திரிகம் கேட்ட டீச்சரம்மாவுக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நான்கு ரோடு பக்கம் உள்ள நம் கிறிஸ்தவப் புத்தகக் கடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நானும் கேட்டேன். மூன்று பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "புத்தகக் கடை என்று போனால் ஃபேன்ஸி ஸ்டோர்" என்கிறது. சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டீச்சரம்மா கேட்டது 'இரட்சணிய யாத்திரிகம்'. கவுன்ட்டரில் இருந்த தங்கச்சி வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. 'யாத்திரை' என்று காதில் விழுந்ததும் எருசலேம் பயண நோட்டீஸை எடுத்து நீட்டிவிட்டது. இருபது வருஷம் இங்கே இருந்த அண்ணன் போன மாதம்தான் மகனோடு ஓசூருக்குப் போனார். அவர் இருந்திருந்தால், ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் எழுதிய காப்பியம், 1894-இல் வந்தது என்று சொல்லியே எடுத்துக் கொடுத்திருப்பார். பனியன் என்றதும் திருப்பூரை நினைக்கிற ஆளில்லை அவர். புத்தகமும் கடையில்தான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடி அலமாரியில், இரண்டாம் தட்டில். 'இல்லை' என்று நாங்கள் சொல்லவே இல்லை. அலமாரிக்கு முன்னால் கப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம், அவ்வளவுதான்.

கப் ஏன் என்றால், நீங்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறீர்கள். டிசம்பர் வந்தால் வாக்குத்தத்தக் காலண்டர், வசன ஸ்டிக்கர், 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்கிற எரேமியா 29:11 போட்ட கப். அதற்கு முந்தின வசனம், அதற்கு முன் பாபிலோன் சிறையிருப்பில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அதைக் கப்பில் போட்டால் யார் வாங்குவார்கள்? புத்தகம் என்று வாங்கினாலும், அதே பிரசங்கம் புது அட்டையில் வருகிற ஒல்லிப் புத்தகம்தான். நானும் விற்கிறேன், மறுக்கவில்லை. காகித விலை ஏறிய பிறகு வாடகையைக் கட்டுவது கப்தான்.

ஆனாலும் ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, வேதாகம அகராதியை நின்றபடியே அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களால்தான் அந்த அலமாரி இன்னும் நிற்கிறது. மனமார்ந்த நன்றி.

அப்புறம், இரவல் நூலகம் இந்த மாதத்தோடு நிற்கிறது. கட்டிய முன்பணத்துக்குக் கடையில் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

டீச்சரம்மா, புத்தகத்தைத் துடைத்துக் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பழைய விலைதான். ஒரே பிரதிதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைக்காரர்