கால் புண்ணும் மறந்துபோன கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாத கால் புண்ணோடு இருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர், வெளியில்தான் சொல்வதில்லை. என் அப்பாவும் அப்படித்தான். மளிகைக் கடையில் இருபத்தைந்து வருடம் நின்றே வேலை பார்த்தவர். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே வந்த புண் பதினான்கு மாதம் ஆறவே இல்லை. சுற்றிலும் தோல் கறுத்து, சாயங்காலமானால் கால் வீங்கி, காலுறையின் ரப்பர் தடம் படுக்கப் போகும்வரை மறையாது.

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் போனோம். திரிபலா கஷாயத்தில் கழுவி, ஜாத்யாதி தைலம் என்ற மூலிகை எண்ணெயில் நனைத்த துணியை வைக்கச் சொன்னார். நாற்றம் போனது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் புண் ஐம்பது காசு நாணய அளவிலேயே நின்றுவிட்டது.

கடைசியில் பலதுறை மருந்தகத்தில்தான் விஷயம் புரிந்தது. காலில் ரத்தத்தை மேலே அனுப்பும் நாளங்களில் வால்வு கெட்டுப்போய், ரத்தம் கீழேயே தேங்குகிறதாம். தேக்கம் இருக்கும்வரை மேலே எதைத் தடவி என்ன? கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் அளந்து, காலுக்கு ரத்தம் சரியாக வருகிறது என்று பார்த்த பிறகே, தாதி விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கிக் கட்டுப் போட்டார். ரத்தம் போதாத காலில் இப்படிக் கட்டினால் ஆபத்து, அதனால் வீட்டில் நாமே முயலக் கூடாது. நாலாவது மாதம் புண் மூடியது.

எனக்கு வைத்தியத்தின் மேல் கோபம் இல்லை. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சை சொல்கிறது, கட்டுப் போடுவதும் அதில் ஒன்று. கட்டுப் போடும் முறை மட்டும் 14 விதம்! அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டது யார்?

அப்புறம் அந்தக் கறுப்பு மாத்திரை. வைத்தியரிடத்தில் அப்பாவுக்கு அதைப் பெயர்ச்சீட்டே இல்லாத பொட்டலத்தில் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008ல் ஆய்வு வந்தது. இங்கே சீன மருத்துவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் நாம்தான் கேட்க வேண்டும், மாத்திரையில் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது என்று. நீரிழிவுக்காரர்கள் இன்னும் கவனம், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், புண் ஆழமாவதே தெரியாது, அவர்கள் முதல் நாளே டாக்டரிடம் போய்விடுங்கள்.

புண் திரும்ப வராமலிருக்க அப்பா தினமும் இறுக்கக் காலுறை போட வேண்டும், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே. பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தால்தான் அது ஏறும். அம்மாவும் நானும் முறை வைத்து இழுக்கிறோம்.

ஒரு வாசகி,
ஈசூன்