மலைச் சாமைக்கு மண்டபம் தந்த கடலூருக்கு நன்றி

அன்புள்ள கடலூர் மக்களுக்கும், கல்வராயன் மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வந்த உறவுகளுக்கும் வணக்கம்.

டிசம்பர் 11 உலக மலை நாள். 2003 முதல் ஐ.நா. சபை கடைப்பிடித்து வரும் நாள். அன்றைக்கு மலை விளைச்சலை இங்கே விற்கலாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் மண்டபம் கேட்டுப் போனோம். "கடற்கரை ஊரில் மலைக்கு என்னங்க வேலை?" என்று கேட்ட மண்டபத்துக்காரரே, விவரம் தெரிந்ததும் வாடகை வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு.

அவர் கேட்ட கேள்வியைப் பலரும் கேட்டீர்கள். கல்வராயனில் பெய்யும் மழைதான் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, விருத்தாசலம் வழியாக வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. 1993 வரை அந்த மலையின் பெரும்பகுதி நம் தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அவர்களுக்கும் கடலூர்தான் தலைநகரம். மாவட்டங்கள் பிரிந்தன, ஆறு பிரியவில்லை.

மலையில் முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும்தான் அதிகம். சாமை மானாவாரிப் பயிர். ஆடியில் விதைத்தால் கார்த்திகைக்குள் கைக்கு வந்துவிடும். இப்போது சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கைப் பிடுங்கும்போது மண் பொலபொலவென்று கிளறப்படுகிறது. அடுத்த மழையில் மேல்மண் ஓடையில் இறங்குகிறது. அது போய்ச் சேரும் இடம் அணையும் ஏரியும்தான். இதற்காக அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது, கையில் காசு வருகிறது. சாமைக்கு என்ன இருந்தது? உமி நீக்க உரலும் உலக்கையும்தான். பெண்கள் பகல் முழுக்கக் காட்டில் வேலை செய்துவிட்டு, அப்புறம் இடிக்க வேண்டும். அலுத்துப்போய் உமியோடு விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. மலையைக் காப்பாற்றுங்கள் என்று கீழே இருந்து சொல்வது சுலபம். சாமைக்கு நியாயமான விலை கொடுத்தால்தான் அந்தப் பேச்சுக்கு மரியாதை.

அதனால்தான் பண்ருட்டி மில்காரர் அண்ணனை மறக்க முடியாது. சும்மா கிடந்த சிறிய உமி நீக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்து, மலை மேலுள்ள வெள்ளிமலை வரை தன் செலவில் அனுப்பினார். சாமை மிகச் சிறிய மணி, நெல்லுக்கு வைக்கும் சல்லடை ஒத்து வராது என்று சல்லடையையும் மாற்றிக் கொடுத்தார். கச்சிராயபாளையத்திலிருந்து மலைப்பாதையில் அதை ஏற்றிச் சென்ற மினிலாரி ஓட்டுநர் தம்பிக்கும், ராத்திரியோடு ராத்திரியாக இறக்கி வைத்த மலை இளைஞர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மண்டபத்தில் சாமைப் பொங்கலும் தினைப் பாயசமும் செய்து போட்ட மஞ்சக்குப்பம் அக்காமார்களே, உங்கள் கைப்பக்குவம்தான் மூட்டைகளைக் காலி செய்தது. தேன், கடுக்காய், புளி எதுவுமே மிஞ்சவில்லை. விலையைக் குறைத்துக் கேட்காமல் வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் நன்றி.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த மீனவப் பெரியவர் ஒருவர் மலைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால் முகத்துவாரத்தில் நண்டும் இறாலும் குறைந்துவிடும் என்பது அவர் அனுபவம். தண்ணீர் கிளம்பும் இடத்துக்காரர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை அவர்கள் கையில் திணித்தார். எனக்கு அன்று எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது அதுதான்.

2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளத்தில் தவித்த ஊர் நம் ஊர். அத்தனை பெரிய மழையை, மலைச் சரிவில் கல் அடுக்கிக் கட்டும் கல்வரப்பும் ஓடைத் தடுப்பணையும் நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற ஆண்டுகளின் மழையை மலையிலேயே கொஞ்சம் தங்க வைக்க அவை போதும். விற்று வந்த பணத்தில் ஒரு பங்கை, மூட்டையோடு வந்த மூன்று மலைச் சிற்றூர்க்காரர்களும் கல்வரப்புக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டு நாம் கொடுத்ததல்ல, அவர்களே எடுத்த முடிவு. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வரவு செலவுக் கணக்கு மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறது. பொங்கல் முடிந்ததும் வரப்பு வேலைக்கு மேலே போகிறோம். கல் சுமக்க வர விரும்புகிறவர்கள் மண்டபத்தில் பெயர் கொடுங்கள். தங்க இடமும் சாப்பாடும் மலைக்காரர்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.