ஆலோசனை அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சு

கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் அருட்தந்தையர்க்கும் அருட்சகோதரியர்க்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் வகுப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூத்த மாணவர்களுக்கு வழிகாட்டுவது பற்றி ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஆலோசனை அறை துணை முதல்வர் அறையை ஒட்டியே இருந்தது. இரண்டுக்கும் பொதுவாக வெளியே ஒரு மர பெஞ்சு. தாமதமாக வந்தவன், முடி வெட்டாதவன், சண்டை போட்டவன் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மனசு சரியில்லை என்று ஆலோசனைக்கு வருகிறவனும் அதே பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். போகிற வருகிற ஆசிரியர்கள் “நீ என்னடா பண்ணினே?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள் இடைவேளையில் அந்த வராந்தா முனைவரை வந்தான். பெஞ்சைப் பார்ப்பான். தண்ணீர் குடிக்க வந்தவன் போலக் குழாயைத் திறந்து, குடிக்காமலே மூடிவிட்டுத் திரும்பிவிடுவான். நான்காம் நாள் வரவில்லை. என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் மதிப்பெண் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, உள்ளே போயிருந்தால் மட்டும்? காலையில் வாசலில் நின்று தாமதப் பதிவேட்டில் பெயர் எழுதிய அதே ஆசிரியர்தான் பிற்பகலில் ஆலோசகர். ஆண்டு முடிவில் நன்னடத்தைச் சான்றிதழுக்கு ஒரு வரி எழுதித் தருபவரும் அவரே. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியும்: இவரிடம் சொன்னால் எங்கே போய்ச் சேரும்?

இந்தச் சிக்கல் திருச்சபைக்குப் புதிதல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 985ஆம் விதியை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். குருமடத்துக்கோ (குருக்களாகப் படிப்போர் பயிலும் இல்லம்) வேறு கல்வி நிறுவனத்துக்கோ அதிபராக இருப்பவர், அதே இல்லத்தில் தங்கிப் படிக்கும் தம் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையை, கேட்கக்கூடாது. ஏதாவது ஒரு சமயம் மாணவர்களே விரும்பிக் கேட்டால் மட்டும் விதிவிலக்கு. அதற்கு முந்தைய விதியோ, அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை நிர்வாகத்துக்கு எந்த வகையிலும் பயன்படுத்தக்கூடாது என்கிறது. ஆலோசனை, பாவசங்கீர்த்தனம்போல ஒரு அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரம்பு ஒருவர் கையில், கேட்கும் காது இன்னொருவருடையது என்று பிரித்து வைத்த புத்தி இரண்டுக்கும் பொருந்தும்தானே?

ரகசியம் என்றால் எல்லாவற்றையும் மூடி மறைப்பதல்ல. உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார் என்றாலோ, துன்புறுத்துபவர் பள்ளிக்குள்ளேயே இருந்தாலும் சரி, ஆலோசகர் வெளியே சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே, அவன் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றபடி அங்கே பேசியது ஆசிரியர் அறையில் தேநீரோடு வலம் வரக்கூடாது. வந்திருக்கிறது. நானும் காது கொடுத்திருக்கிறேன்.

மேற்படிப்பு விஷயத்தில் இதே குழப்பம் வேறு வேஷத்தில் வருகிறது. தேர்ச்சி விகிதம் யார் தலைமேல் இருக்கிறதோ, அவரே எந்தப் பாடம் எடுக்கலாம் என்று மாணவனுக்கு ஆலோசனை சொல்கிறார். இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் இதில் கறார். தியானத்தில் வழிகாட்டுபவர் ஒருவனை எந்த வாழ்க்கை நிலையின் பக்கமும் தள்ளக்கூடாது, தராசு முள்போல நடுவில் நிற்க வேண்டும் என்றார். துறவு வாழ்வுக்குக்கூடத் தள்ளக்கூடாது என்றவரிடம் போய், கணக்குப் பாடத்துக்குத் தள்ளலாமா என்று கேட்க முடியுமா?

அவருடைய சொந்தக் கதையையே மாணவர்களுக்குச் சொல்லலாம். போர்வீரராக இருந்தபோது, 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வீரதீரக் கனவுகள் காணும்போது இனித்தன; முடிந்ததும் வறட்சி. புனிதர்களைப்போல வாழும் கனவோ முடிந்த பிறகும் நிறைவு தந்தது. ஒரு படிப்பைப் பற்றி யோசிக்கும்போது அல்ல, யோசித்து முடித்த பிறகு மனசில் என்ன தங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த மதத்துப் பிள்ளைக்கும் இது புரியும். மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். நாமோ மதிப்பெண் குறைந்து அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் விருப்பப் படிவத்தை நீட்டுகிறோம்.

வருடாந்திரத் தியானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைசி நாள் எல்லாரும் அழுவார்கள், திங்கட்கிழமை மாதிரித் தேர்வு. அந்த அழுகையைப் பற்றிப் பிறகு யாரும் கேட்பதில்லை. 2018இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் இளைஞரையும், தம் வாழ்க்கைப் பாதையை அவர்கள் தேர்ந்து தெளிவதையும் பற்றியே பேசியது. மறு ஆண்டு வந்த ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில் அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ், ஒருவருக்காக நாம் ஒதுக்கும் நேரமே நாம் காது கொடுப்பதற்கு அடையாளம் என்றார். நம் கால அட்டவணையில் அந்த நேரம் எங்கே இருக்கிறது?

அடுத்த கல்வியாண்டுக்குப் பொறுப்புப் பட்டியல் போடுவீர்கள். ‘ஒழுங்கு’, ‘ஆலோசனை’ என்ற இரண்டுக்கும் நேரே ஒரே பெயர் இருந்தால், ஒன்றை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுங்கள். வாரத்தில் சில பாடவேளைகளை ஆலோசகருக்கு விட்டுக்கொடுங்கள். அப்புறம், அந்த பெஞ்சை வேறு எங்காவது போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வகுப்பாசிரியர் ஒருவர்