ஹிரா குகையிலிருந்து இறங்கிய வழி

அன்புள்ள நண்பருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மக்காவிலிருந்து ஊர் திரும்பிய வாரத்திலேயே உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியால் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு எங்கள் துஆவைச் சொல்லுங்கள். வரும் ஜனவரியில் உம்ரா யாத்திரைக்குப் புறப்படும்போது ஜபல் நூர் மலையேறி, நபியவர்களுக்கு முதல் இறைச்செய்தி அருளப்பட்ட ஹிரா குகையைப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணி ஆசைப்படுவதாகவும், உங்கள் முழங்கால் அதற்கு இடம் கொடுக்குமா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். முழங்காலைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

கஅபா இருக்கும் பள்ளிவாசலான மஸ்ஜிதுல் ஹராமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரம்தான் என்பதால், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மரமோ நிழலோ இல்லாத மொட்டைப் பாறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அவற்றில் ஒன்று சாண் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையே அனலாகிவிடும் என்பதால் பஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்கு முன்பே ஏறத் தொடங்குவதுதான் நல்லது. வழியில் சிமென்ட் குழைத்துப் படிகளைச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள் ரியாலுக்குக் கை நீட்டுவார்கள்; கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகளும் விடமாட்டா. என்னைவிட மூத்த இந்தோனேசியப் பெண்கள் சலவாத் ஓதியபடி என்னைக் கடந்து ஏறிப்போனதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உச்சியை அடைந்தால் குகை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து மறுபுறம் சற்றே இறங்கி, இரு பாறைகளுக்கு இடையே உடம்பை ஒருக்களித்து நுழைந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் இருண்ட பெரிய குகை அங்கே இல்லை. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததால் உண்டான இடுக்கு அது. நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டர் அளவு. ஒருவர் நின்று தொழலாம், இருவர் என்றால் நெருக்கம்தான். இரண்டு ரக்அத் தொழுவதற்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்ததும் எனக்கு அந்த வரிசையில் சேர மனம் வரவில்லை. வெளியே ஒரு பாறையில் அமர்ந்து, ஹரம் பள்ளிவாசல் இருக்கும் திசையில் தெரிந்த மணிக்கூண்டுக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அந்தத் திசையில் கஅபாவைச் சுற்றிச் சில வீடுகளே இருந்திருக்கும். சுற்றிலும் பாறைகளில் பெயின்டால் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போயிருப்பவர்களைப் பற்றி எழுதினால் கடிதம் கசந்துவிடும்.

என்னை இன்றுவரை விடாத எண்ணம் ஏறும்போது வரவில்லை, இறங்கும்போதுதான் வந்தது. நபியவர்களின் துணைவியரில் ஒருவரான ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்து, புகாரி எனும் நபிமொழித் தொகுப்பில் பதிவான ஹதீஸ் உங்களுக்கு மனப்பாடம்தான். கி.பி. 610இல், நாற்பதாம் வயதில், வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் இறுக அணைத்து ஓதச் சொல்ல, குர்ஆனின் அலக் அத்தியாயத்தின் முதல் வசனங்களைப் பெற்ற நபியவர்கள், இதயம் படபடக்க வீட்டுக்கு வந்து, தம்மைப் போர்த்திவிடுமாறு துணைவி கதீஜா நாயகியிடம் சொன்னார்கள். சிறுவயது முதல் மீலாது மேடைகளில் இதைக் கேட்டிருந்தும், குகைக்கும் போர்வைக்கும் இடையே இப்படி ஒரு மலை கிடக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. படிகள் இருந்தும், கையில் தடி இருந்தும், பட்டப் பகலில் இறங்கிய எனக்குக் கால்கள் வெடவெடத்தன. படிகளே இல்லாத அந்தச் சரிவில், அப்படியொரு நிகழ்வுக்குப் பின் தன்னந்தனியாக இறங்கி, அதன்பின் மக்காவரை நடந்து வீடு சேர்வது என்றால் என்ன என்பது இறங்கிய கால்களுக்கே சற்றுப் புரிந்தது.

கதீஜா நாயகி உணவைச் சுமந்துகொண்டு இந்த மலையில் ஏறி வந்ததாக வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்கிறார்கள். அந்த ஹதீஸில் இருப்பதோ, நபியவர்களே உணவு எடுத்துச் சென்று பல இரவுகள் தனித்திருந்து வணங்கிவிட்டு, மீண்டும் கதீஜாவிடம் வந்து அதேபோல எடுத்துச் செல்வார்கள் என்பதுதான். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கணவர் நாட்கணக்கில் மலையில் தனித்திருப்பதைப் பொறுத்துக்கொண்டு, திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் கட்டுச்சோறு ஆயத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொண்ட வீடு அது. ஆகவேதான் அன்று நடுங்கி வந்தவரிடம், நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று அந்த அம்மையார் தயங்காமல் சொல்ல முடிந்தது. அதன்பிறகு தம் உறவினரும் முந்தைய வேதம் அறிந்தவருமான, பார்வை இழந்த முதியவர் வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றதும் அவர்கள்தாம். ஊரார் உங்களை வெளியேற்றுவார்கள் என்று வரக்கா சொன்னது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 622இல் மதீனாவுக்குப் புறப்பட்ட ஹிஜ்ரத்தில் நடந்தது.

அப்போது மூன்று இரவுகள் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் தங்கிய தவ்ர் குகை மக்காவுக்குத் தெற்கே இருக்கிறது; ஹிராவைவிட உயரமான மலை. துரத்தி வந்தவர்கள் உள்ளே பார்க்காதபடி தவ்ர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னியதாகச் சொல்லப்படும் கதையை ஹிராவோடு சேர்த்துச் சொல்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த முழங்காலோடு தவ்ரை நினைக்கவே வேண்டாம்.

ஹிராவுக்கு ஏறுவது ஹஜ்ஜிலோ உம்ராவிலோ சேர்ந்ததல்ல என்பதையும் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். அங்கே ஏறுவதும் தொழுவதும் மார்க்கத்தில் ஏவப்பட்டவை அல்ல என்று மலையடியிலேயே பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை சரிதான். பாறையைத் தடவி முகத்தில் ஒற்றிக்கொள்பவர்களைப் பார்த்தபோது அதன் தேவையும் புரிந்தது. ஆனால் நன்மையை எண்ணி அல்லாமல், வரலாறு நடந்த இடத்தை அறிந்துகொள்ளப் போவதில் குறை காண எனக்குத் தோன்றவில்லை. 2023இல் மலையடிவாரத்தில் ஹிரா பண்பாட்டு வளாகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அங்கே வஹீ எனும் இறைச்செய்தியைப் பற்றிய கண்காட்சியும் இருக்கிறது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால், அண்ணியைக் குழுவில் உள்ள பெண்களுடன் மேலே அனுப்பிவிட்டு நீங்கள் அந்தக் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உங்களுக்கென்று எடுத்துவைத்த ஜம்ஜம் நீரையும் அஜ்வா பேரீச்சம்பழத்தையும் என் மருமகன் அடுத்த வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது கொண்டுவந்து தருவார். பயண ஏற்பாட்டாளர்கள் பலர் ஜியாரத் (வரலாற்று இடங்களைக் காணும் சுற்று) என்று பேருந்தில் ஏற்றி, மலையைச் சன்னல் வழியாகக் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். உங்களுடையவர் எப்படி என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எனக்கு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் அன்பு நண்பன்