மில்லிங் மெஷினுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டார உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சுழலும் கத்தியால் இரும்பைச் செதுக்கும் எங்கள் பட்டறையின் பழைய மில்லிங் மெஷின் இப்போது சி.என்.சி.யாக, அதாவது கணினி சொன்னபடி தானாக நகர்ந்து வெட்டுவதாக, ஓடுகிறது. செம்பனை ஆலைகளுக்கும் தோட்டத்து டிராக்டர்களுக்கும் உதிரிபாகம் செய்து பிழைக்கிற பட்டறை இது. புது சி.என்.சி. வாங்கக் கடன் கேட்டிருந்தால் எந்த வங்கியும் எங்களை வாசலோடு அனுப்பியிருக்கும். இருந்ததையே மாற்றிக்கொண்டோம். அதில் யார் யார் கை பட்டது என்பதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேராகக் கணினித் திரைக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். நான் அவர்களைக் குனியச் சொல்லி மேசைக்கு அடியில் காட்டுகிறேன். பாடுபட்டது அங்கேதான்.

முதல் நன்றி, ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்கு. சொந்தப் பெரியப்பா இல்லை. தோட்டத்து லயத்தில் அடுத்த வீடு, அந்த உறவு போதும். வாங்கிவந்த மோட்டார்களைப் பெருமையாகக் காட்டினோம். அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மேசையோரம் முட்டவைத்து, கைச்சக்கரத்தை வலப்பக்கம் சுற்றி, பிறகு இடப்பக்கம் சுற்றினார். சக்கரம் திரும்புகிறது; முள் அசையக் காணோம். "இவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மாட்டி என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த ஆட்டத்துக்கு மென்பொருளில் ஈடுகட்டும் எண் ஒன்றைக் கொடுக்கலாம். ஆனால் வெட்டுக்கத்தி மேசையைத் தன் பக்கம் இழுக்கும் நேரத்தில் எந்த எண்ணாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

முதலில், மேசை தன் தடத்தில் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் ஆப்புப் பட்டைகளைக் கழற்றச் சொன்னார். மேசையின் தடத்தில் நீல மையை மெல்லிசாகப் பூசி, பட்டையை அதன்மேல் உரசி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டும். அந்த மேட்டை மட்டும் சுரண்டியால் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி உரசல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நீலப் புள்ளிகள் பட்டை முழுவதும் பரவிவிட்டனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தம்பி "போதுமா?" என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லாமல் மை டப்பாவை நீட்டுவார். கூலி என்று அவர் வாங்கிக்கொண்டது சர்க்கரை போடாத தேநீர் மட்டும்.

அடுத்து, ஈப்போ பழைய இரும்புக் கடைத் தவுக்கேவுக்கு (முதலாளிக்கு). உடைத்துப் போட்டிருந்த இயந்திரம் ஒன்றிலிருந்து 20 மில்லிமீட்டர் விட்டமும், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் புரியும் உள்ள பால் ஸ்க்ரூக்களை (மேசையை நகர்த்தும் திருகுகளை) இரும்பு விலைக்கே நிறுத்துக் கொடுத்தார். அதையும் தவணையில் வாங்கிக்கொண்டார். நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றுவதால் ஆட்டமும் உராய்வும் குறைவு. அதற்கும் ஒரு விலை உண்டு: மின்சாரம் போனால் பாரம் ஸ்க்ரூவைத் தானாகவே சுழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால் கனமான மேசைத்தாங்கியைப் பழையபடி கையாலேயே ஏற்றி இறக்குகிறோம். ஏற்ற இறக்கத்துக்கு, மேலே கத்தியைப் பிடித்திருக்கும் குவில் என்ற உருளை ஒன்றுக்குத்தான் மோட்டார். ஸ்க்ரூ முனைகள் பதமேற்றிய எஃகு; சாதாரணக் கத்தி வழுக்கிவிடும். பொறுமையாகக் கார்பைடு கத்தியால் கடைந்து கொடுத்த பக்கத்துப் பட்டறை அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மின்வேலை மச்சானுடையது. அவர் பிடிவாதக்காரர், நல்லவேளையாக. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கணினிக்குச் செய்தி போவது மட்டும் போதாது, மோட்டாருக்குப் போகும் மின்சாரமே அறுபட வேண்டும் என்று ரிலே வைத்துக் கட்டினார். கத்தியைச் சுழற்றும் மோட்டாரை, வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் ஓட்டியபோது, மேசை ஓரம் தாண்டாமல் காக்கும் எல்லை சுவிட்சுகள் பொய்ச் சமிக்ஞை கொடுத்து மெஷினை நிறுத்தின. கவசமிட்ட கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணைத்து அதையும் தீர்த்தார்.

கணக்கு, படிவம் ஐந்து படிக்கும் அக்காள் மகளுடையது. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை இயக்கும் டிரைவர் பெட்டி ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கிறது. கணினி அனுப்பும் 1,600 மின்துடிப்புக்கு மேசை 5 மில்லிமீட்டர் நகரும். ஆகவே மில்லிமீட்டருக்கு 320. சொல்லிவிட்டு, டயல் கேஜ் அதை ஒப்புக்கொள்ளும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

கணினி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொடுத்தது. அந்தக் காலத்தில் பிரிண்டரை மாட்டும் பேரலல் போர்ட் இருக்கிற பழைய பெட்டி. இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். அதில் ஓடுவது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமான நிஸ்டில் 1990களில் பிறந்து, இன்று தன்னார்வலர்கள் இலவசமாகப் பேணிவரும் மென்பொருள். எங்கள் ஊரின் பெயரையே கேள்விப்பட்டிராத அவர்களுக்கும் நன்றி. "பழைய இரும்பில் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்களே" என்று சிலர் பேசியபோது, 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டிய, சி.என்.சி.க்கு முன்னோடியான முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினும் சின்சினாட்டி நிறுவனத்தின் சாதாரண மெஷினை மாற்றிக் கட்டியதுதான் என்று பதில் சொல்லி எங்களைக் காப்பாற்றியவரும் அதே ஆசிரியர்தான்.

வரவேற்பறை முழுக்கக் கம்பிச் சுருளைப் பொறுத்துக்கொண்ட அம்மாவுக்குத் தனியாக நேரில் சொல்லிக்கொள்கிறோம்.

மின்இணைப்பு வரைபடமும் அமைப்புக் கோப்புகளும் யாருக்கு வேண்டுமானாலும் இலவசம். சனிக்கிழமை மதியத்துக்குமேல் பென் டிரைவோடு வாருங்கள். கழற்றிய பழைய ஸ்க்ரூக்களும் நட்டுகளும் எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம்; அதே மாதிரி மெஷினைக் கையால் ஓட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பட்டறை அண்ணன் தம்பி